பெகுச் சமவெளியில் எங்கள் உழவூர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து உறவு தேடி வருகிறவர்களும், அறுபதுகளில் பர்மாவை விட்டுக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகளும், ரங்கூனிலேயே பிறந்து வயலில் கால் வைக்காத நம் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

உங்க ஊரு எங்க இருக்கு? ரங்கூன்ல இருந்து ரொம்ப தூரமா?

ரங்கூனுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் பெகு நகரம் இருக்கிறது. பர்மியர் அதைப் 'பகோ' என்பார்கள். அங்கிருந்து தென்கிழக்கே தனப்பின் செல்லும் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே வந்தால் எங்கள் ஊர். நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாகச் சிட்டாங் ஆற்றை நோக்கிப் போகிறது. மேடென்று சொல்ல வயல் வரப்பும் வாய்க்கால் கரையும்தான் உண்டு. வானம் தெளிந்த நாளில் பெகுவிலுள்ள ஷ்வேமாடோ பகோடாவின் பொன்முடி வயலிலிருந்தே தெரியும்.

தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எங்கள் கடிகாரம் இந்தியாவை விட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே இரவு பத்து என்றால் இங்கே பதினொன்று. நாங்கள் எட்டரைக்கே விளக்கணைக்கிறவர்கள்.

பர்மாத் தமிழர்னா செட்டியார், கடை, மரவாடின்னுதான் கேள்விப்பட்டிருக்கோம். விவசாயம் பண்றவங்களும் உண்டா?

உண்டு, எண்ணிக்கையில் அவர்களும் உழைப்பாளிகளும்தான் மிகுதியாக இருந்தார்கள். 1852-இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு, காடும் சதுப்புமாகக் கிடந்த நிலம் வேகமாக நெல்வயலாக மாறியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அரிசி ஏற்றுமதி பெருகியது. அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் ஆள் வேண்டியிருந்ததால் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துத் தஞ்சாவூர், திருச்சி, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். எங்கள் பாட்டனார் அப்படி வந்தவர். முன்பணத்தைக் கழிக்கவே அவருக்கு இரண்டு அறுவடை ஆயிற்று என்று வீட்டில் சொல்வார்கள்.

செட்டியார்கள் முதலில் நிலம் வாங்க வந்தவர்கள் அல்லர், கடன் கொடுக்க வந்தவர்கள். 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனை அடைக்க முடியாத பர்மிய உழவர்களின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஆறு விழுக்காடாக இருந்த அவர்களின் நிலம், அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் நான்கில் ஒரு பங்கானது. அந்த நிலங்களில் எங்கள் ஆட்கள் கூலியாகவும் குத்தகைதாரராகவும் இருந்தார்கள். அக்காலத்துக் கோபம் கடன் கொடுத்தவரையும் நாற்று நட்டவரையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் நெடுநாள் மனக்குறை. நிலத்தை இழந்தவனின் பக்கம் நின்று பார்த்தால் அந்தக் கோபத்துக்கும் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஊர்ல ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும்?

விடியுமுன் ஊர்க்கோடி மடத்திலிருந்து பிக்குகள் வரிசையாகப் பாத்திரம் ஏந்தி வருவார்கள். வாசலில் ஒரு கரண்டி சுடுசோறு இடுவது பர்மிய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பொது வழக்கம். அதற்காகவே அத்தை நான்கரைக்கு அடுப்பு மூட்டுவார். பிறகு முதல்நாள் சோற்றை எண்ணெயில் புரட்டி, வேகவைத்த பட்டாணியோடு உண்டுவிட்டு வயலுக்குப் போவோம். போகும் வண்டி 'தோலாஜி': கையுழவு எந்திரத்தின் பின்னால் ஒரு பெட்டியைப் பூட்டி ஓட்டுவது. காது செவிடாகும் சத்தத்தோடு மாட்டுவண்டியை விடச் சற்றே வேகமாகப் போகும். உழவும் அதே எந்திரம்தான் செய்கிறது. எருமை பூட்டி உழும் வீடுகள் இப்போது விரல்விட்டு எண்ணும்படி ஆகிவிட்டன.

பெண்கள் நடவுக்கோ களைக்கோ இறங்குமுன் கன்னத்தில் தனக்கா பூசிக்கொள்வார்கள். தனக்கா மரத்துக் கட்டையைத் தண்ணீர் விட்டு வட்டக் கல்லில் உரசினால் வெளிர் மஞ்சள் சாந்து வரும். வெயிலுக்கு அது குளிர்ச்சி. நெற்றியில் திருநீறும் கன்னத்தில் தனக்காவும் உள்ள முகத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் நிழற்படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது இரண்டும் சேர்ந்த ஒரு முகம்தான்.

நண்பகலில் வெயில் ஏறியதும் வீடு திரும்பி உண்டு உறங்கி, மூன்று மணிக்கு மேல் மறுபடி போவோம். மாலையில் ஆண்கள் தேநீர்க்கடையின் குட்டை நாற்காலிகளில் உட்கார்ந்து நெல் விலை பேசுவார்கள். மின்சாரம் எப்போது வரும் என்பதும் அங்கேயே பேசப்படும், ஆனால் அதில் யாருக்கும் நம்பிக்கை கிடையாது.

வருஷத்துக்கு எத்தனை போகம்?

மழையைச் சொல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர் என்றால் பெகுவில் 3,000-க்கு மேல். அதுவும் மே மாத நடுவில் தொடங்கி அக்டோபருக்குள் முழுவதும் கொட்டிவிடும். ஆடி, ஆவணியில் வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. துணி காயாது, உப்பு கசியும், தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்போம்.

அந்த மழையில்தான் பெரும்போகம். ஜூனில் நாற்றங்கால், ஜூலையிலும் ஆகஸ்டு முற்பகுதியிலும் நடவு, நவம்பர் டிசம்பரில் அறுவடை. தாழ்ந்த வயல்களில் தண்ணீர் இடுப்பளவு ஏறும். அங்கே தண்ணீரோடு சேர்ந்து உயரும் நெடுநெல் ரகங்களைத்தான் விதைக்க முடியும். குட்டை ரகத்தை நட்டுவிட்டு நான்கு நாள் மழையில் முழுவதையும் இழந்தவர்கள் உண்டு, நானும் ஒரு முறை. நெல் அறுத்த ஈரம் மண்ணில் இருக்கும்போதே உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்துவிடுவோம். அதற்கு ஒரு சொட்டு மழையும் தேவையில்லை, பனியே போதும். மாசி, பங்குனியில் பயறு வீட்டுக்கு வந்துவிடும். வாய்க்கால் தண்ணீர் எட்டும் வயல்களில் சிலர் பயறுக்குப் பதிலாகக் கோடை நெல் போடுகிறார்கள். ஆகவே இரண்டு போகம். அதன் பிறகு ஏப்ரலிலும் மே தொடக்கத்திலும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வெறும் நிலம்.

ஏக்கருக்கு அறுபது கூடைன்னு சொல்றீங்களே, மூட்டைக் கணக்குல எவ்வளவுங்க?

ஒரு கூடை நெல் ஏறத்தாழ 20.9 கிலோ. அறுபது கூடை என்றால் ஒன்றேகால் டன். 60 கிலோ மூட்டையாக இருபத்தொன்று. உரம் குறைவாகப் போடும் எங்கள் பக்கத்துப் பெரும்போகத்தில் ஐம்பது கூடைக்குக் கீழே வந்தால் முகம் வாடும், எழுபதைத் தொட்டால் கோயிலுக்குப் பொங்கல் வைப்போம். தஞ்சாவூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு.

வீட்டுக்குள் அளவை வேறு. பதினாறு 'பியி' ஒரு கூடை. ஒரு பியி என்பது எட்டு பால் டின். டின்னில் அடைத்து வரும் கெட்டிப்பாலின் காலி டப்பாதான் இந்த நாடு முழுவதற்கும் அரிசி அளக்கும் படி. அம்மா அதை அரிசியில் முக்கி எடுத்து, உள்ளங்கையால் மேலே வழித்துவிட்டு, விழுந்த மணிகளைப் பானைக்குள் திருப்பித் தட்டுவார். ஆளுக்கு ஒன்றரை டின், விருந்தாளிக்கு இரண்டு. காய்கறி, மீன், வெல்லம் எல்லாம் 'பெய்தா' கணக்கு, 1.63 கிலோ. அதை ஆங்கிலத்தில் 'விஸ்' என்று எழுதுவார்கள். அந்தச் சொல் நம் 'வீசை'யிலிருந்து போனதுதான்.

நாங்க சென்னையில இட்லிக்கு அரைக்கிற உளுந்து உங்க வயல்ல விளைஞ்சதா?

இருக்கலாம். இந்நாட்டில் விளையும் உளுந்தில் மிகப் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் போகிறது. பர்மியர் அதை அதிகம் உண்பதில்லை. எங்கள் வீடுகளில் இட்லி தோசைக்கு எடுத்து வைப்பது போக மற்றதெல்லாம் தரகர் வழியாக ரங்கூன் துறைமுகம் சேர்கிறது.

இதனால் எங்கள் உளுந்தின் விலையைத் தீர்மானிப்பது டெல்லி. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு உளுந்து இறக்குமதிக்கு உச்சவரம்பு விதித்தபோது இங்கே விலை படுத்துவிட்டது. அவ்வாண்டு அறுத்ததை விற்காமல் வீட்டுக்குள் அடுக்கி வைத்து, வண்டு விழுந்த பிறகு கிடைத்த விலைக்குத் தள்ளினோம். பிறகு 2021-இல் இரு நாடுகளும் ஆண்டுக்கு 2,50,000 டன் உளுந்தும் 1,00,000 டன் துவரையும் ஐந்தாண்டுகளுக்கு வாங்க உடன்பாடு செய்துகொண்டன. அதன் பின் தேநீர்க்கடைப் பேச்சில் பதற்றம் கொஞ்சம் குறைந்தது. அங்கே உளுந்து விலை ஏறிவிட்டதென்று உறவினர்கள் என்னிடம் குறைப்படும்போது நான் மரியாதைக்காக வருந்துவேன்.

வீடெல்லாம் ஏன் கால் மேல நிக்குது? குடிக்கத் தண்ணி எங்க எடுக்கறீங்க?

மேலே சொன்ன மழைதான் காரணம். மரக்கால்களின் மேல் பலகைத் தளம், மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம் அல்லது நீப்பா என்னும் பனை வகையின் ஓலை. கீழே உள்ள இடம் கோடையில் திண்ணை. மழையில் வாத்துகளின் வீடு. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன போது, அதன் ஓரக்காற்றே எங்கள் பக்கத்துக் கூரைகளைப் பிரித்துப் போட்டது. அதற்குப் பிறகுதான் பலரும் தகரத்துக்கு மாறினார்கள். ஓலை வீட்டின் குளிர்ச்சி போனது. மழை இரவில் தகரத்தின் கீழே பேச்சு கேட்பதில்லை.

குடிதண்ணீருக்கு ஊர்க்குளம் ஒன்றைத் தனியே வேலியிட்டுக் காக்கிறோம். அதில் கால் நனைக்கக் கூடாது, துணி அலசக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைப் பெரிய மண்சாடிகளில் பிடிப்போம். துவாந்தே ஊர்க் குயவர் செய்யும் மெருகிட்ட சாடிகள் நீடித்து உழைக்கும். சாலையோரத்தில் சிறு கூரையின் கீழ் மண்பானைகளை மூடி, குவளையோடு வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். அது வழிப்போக்கருக்கு. நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தல் சித்திரையில் மட்டும் இருக்கும். இது ஆண்டு முழுவதும் நிற்கும்.

தினமும் அத்தோதான் சாப்பாடா?

இல்லை. பர்மிய மொழியில் 'அத்தோ' என்றால் கையால் பிசைந்து கலந்தது என்று மட்டுமே பொருள். நூடுல்ஸும் பிசையலாம், தேயிலையும் பிசையலாம், இஞ்சியும் பிசையலாம். சென்னையில் அத்தோ என்று கொடுக்கும் நூடுல்ஸை இங்கே கேட்டால் "எதில் அத்தோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். வீட்டில் அன்றாடம் சோறு, பருப்பு, வயல் மீன், புளிச்சகீரை. ஙப்பி என்னும் மீன் சாந்து எங்கள் குழம்பிலும் நுழைந்து வெகு காலமாயிற்று. வாசனை பிடிக்காதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அன்று போட மாட்டோம்.

பாம்பு நிறைய இருக்குமாமே? பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரலாமா?

வரலாம்; ஆனால் பயம் வீண் பயம் அல்ல. இந்த நெல்வயல்களில் அதிகம் கடிப்பது கண்ணாடி விரியன். எலி தேடி நெல்லுக்குள் வரும்; அறுவடைக் காலத்தில் குனிந்து அரிவாள் போடுகிறவரின் கையிலும் காலிலும் கடிக்கும். கதிரின் நிறமும் அதன் நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். முழங்கால் வரை ரப்பர் காலணி, கையில் ஒரு கோல், இருட்டினால் கைவிளக்கு: இவை இல்லாமல் விருந்தாளியை வரப்பில் இறக்க மாட்டோம்.

கடிபட்டால் கட்டு இறுக்குவதோ கீறி உறிஞ்சுவதோ கூடாது. காலை அசைக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். விரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால், வலி குறைந்துவிட்டதென்று வீட்டில் தங்குவதுதான் ஆபத்து. அறுவடை செய்யும் கம்பைன் எந்திரம் வந்த பிறகு கதிருக்குள் கை விடுகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள்; அந்த எந்திரத்தைப் பற்றி எனக்குள்ள ஒரே முழு மகிழ்ச்சி இது.

எந்த மாசத்துல வந்தா ஊரு பார்க்க அழகா இருக்கும்?

எல்லோரும் டிசம்பர், ஜனவரியைச் சொல்வார்கள். அது சரிதான்: காலையில் வயல் மேல் பனி படுத்திருக்கும், வைக்கோல் போர்கள் அதில் மிதப்பது போல் தெரியும், போர்வை இல்லாமல் தூங்க முடியாது. பெகுவுக்கு வடக்கே உள்ள மோயிங்ஜி ஏரியில் அப்போது வெளிநாட்டுப் பறவைகள் இறங்கும். 1878-இல் பெகு - சிட்டாங் கால்வாய்க்குத் தண்ணீர் தருவதற்காக வெட்டிய நீர்த்தேக்கம் அது. 2004 முதல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. தாமரை இலைகளின் மேல் நீலத் தாழைக்கோழிகள் நடப்பதைப் படகில் உட்கார்ந்து பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் ஆகஸ்டு. நடவு முடிந்து பத்து நாள் ஆன வயலுக்கு ஒரு பச்சை உண்டு, அதற்குத் தமிழில் தனிப் பெயர் இல்லாதது குறை. நாற்றுக்கு இடையே வானம் தெரியும். நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்று நத்தை பொறுக்கும். சேறும் அட்டையும் பொறுக்க முடிந்தவர்கள் அப்போது வாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பர்மாக்காரங்களோட எப்படி? கோயில் திருவிழா எல்லாம் நடக்குதா?

நடக்கிறது. மாரியம்மன் கோயிலில் தீமிதி உண்டு; வேண்டுதல் வைத்துத் தீமிதிக்கும் பர்மியரும், கரென் இனத்தாரும் உண்டு. எங்கள் சித்திரைப் பிறப்பும் அவர்களின் நீர்த் திருவிழாவான திங்யானும் ஒரே நாட்களில் வருகின்றன. திங்யான் என்பதே சங்கராந்தியின் பர்மிய வடிவம். காலையில் பானகமும் வேப்பம்பூப் பச்சடியும் ஆன பிறகு, தெருவில் இறங்கினால் தலையில் ஒரு வாளித் தண்ணீர் விழும். அவர்களுக்கு மழைக்கால நோன்பு மூன்று மாதம் திருமணம் கிடையாது. எங்களுக்கு ஆடியில் கிடையாது. ஆகவே ஊரில் மேளச் சத்தம் அடங்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றே.

உரசல்களே இல்லை என்று சொன்னால் அது பொய். வாய்க்கால் மடை திறப்பதில்தான் சண்டை அதிகம் வரும். அதில் தமிழனுக்கும் தமிழனுக்கும் நடப்பவையே பாதிக்கு மேல்.

பிள்ளைங்க தமிழ் பேசுதா? ஏன் எல்லாருக்கும் ரெண்டு பேரு?

வீட்டில் பேசுகிறார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு பள்ளியில் தமிழ் இல்லை. கோயில் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது. நடவுக் காலத்தில் அதுவும் மூடிவிடும். பள்ளிப் பதிவில் பர்மியப் பெயர், கோயில் அர்ச்சனையில் தமிழ்ப் பெயர். வயலில் கூப்பிட எது குரலுக்கு எளிதோ அது.

நிலம் உங்களுக்கே சொந்தமா?

இந்நாட்டில் நிலம் அரசுக்குச் சொந்தம். உழவருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை. 1948-இலும் 1953-இலும் வந்த நிலத் தேசியமயச் சட்டங்களால் பெருநிலக்காரர்கள் கையை விட்டு நிலம் போயிற்று. மேலே சொன்ன செட்டியார் நிலங்களும் அதில் அடக்கம். 2012-ஆம் ஆண்டு வேளாண் நிலச் சட்டப்படி இப்போது 'படிவம் 7' என்னும் சான்று தருகிறார்கள். அதை வைத்து விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு விடலாம். ஆனால் நெல் நிலத்தை வேறு பயிருக்கு மாற்ற அனுமதி வேண்டும். 2003 வரை அரசுக்கென ஒரு பங்கு நெல்லைக் குறைந்த விலையில் அளந்தாக வேண்டியிருந்தது. மழையில் பயிர் போன ஆண்டில் வெளியே வாங்கி அளந்ததை அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்த உரிமைக்குக் குடியுரிமை தேவை. 1982 சட்டம் குடிமக்களை மூன்று தரமாகப் பிரித்து, அட்டையும் மூன்று நிறத்தில் தருகிறது: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு நிறமும் தம்பிக்கு வேறு நிறமும் இருப்பதுண்டு. அலுவலகத்தில் எந்த ஆண்டு யார் மேசைக்கு முன்னால் போய் நின்றோம் என்பதைப் பொறுத்து அது அமைந்தது.

வயல்ல இளவட்டமே கண்ணுல படலையே?

தாய்லாந்திலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கூலி வேறுபாடு முதல் காரணம். 2024-இல் கட்டாய ராணுவப் பணிச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு போனவர்கள் இன்னும் அதிகம். கம்பைன் எந்திரம் வந்தது ஆள் குறைந்ததால்.

எங்க தாத்தா நிலம் உங்க பக்கம்தான். பழைய பத்திரம் இருக்கு. காட்ட முடியுமா?

காட்ட முயலலாம், திரும்பப் பெறலாம் என்ற எண்ணத்தோடு வர வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது. பத்திரத்தில் 'குவின்' எனப்படும் வயற்தொகுதியின் பெயரோ எண்ணோ இருந்தால் பெரும்பாலும் இடத்தை நெருங்கிவிடலாம். ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் கடினம், ஏனெனில் தாத்தாக்கள் தம் காதில் விழுந்தபடி தமிழில் எழுதினார்கள். சிட்டாங் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள ஊர் என்றால், நிலமே இல்லாமல் போயிருக்கவும் கூடும். கடலேற்றம் அங்கே கரையை அறுத்து, ஊர்களையே இடம் மாற்ற வைத்திருக்கிறது.

சென்ற மாசியில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். பத்திரம் இல்லை, அவருடைய அப்பா ஐம்பதுகளில் எழுதிய கடிதம் ஒன்று மட்டும் இருந்தது. அதில் ஒரு வாய்க்கால், ஒரு புளியமரம், மற்றபடி வடகிழக்கு மூலையில் தண்ணீர் நின்று நாற்று அழுகுகிறது என்ற குறை. புளியமரங்கள் மூன்று இருந்ததால் எது என்று தெரியாமல் நின்றோம். கடைசி வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்த பர்மியப் பெரியவரிடம் அந்த அம்மாவை அறிமுகப்படுத்தினேன். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. நிலம் பார்க்க வந்தவர் வாங்க வந்தவர் என்று எண்ணிக்கொண்ட அவர், எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒளிக்காமல் முதலில் காட்டியது வடகிழக்கு மூலையைத்தான்: "அங்கே மட்டும் நட வேண்டாம், நாற்று அழுகிவிடும்."